புகுந்த நாட்டில் புதுக்குடித்தனம்

நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பறித்து வேறு வயலில் நடுவது உழவர் வழக்கம். நட்ட அன்றே நாற்று நிமிர்ந்து நிற்பதில்லை. சில நாள் அது துவண்டு கிடக்கும். பின்னரே புதிய மண்ணில் வேர்விட்டுப் பச்சை பிடிக்கும். அந்தச் சில நாளும் வயலை விட்டு அகலாமல் காப்பவனே நல்ல உழவன். அயல்நாட்டில் குடியேறும் இளங்குடும்பத்தின் நிலையும் இத்தகையதே. ஆயினும், அக்குடும்பத்தைப் பற்றி ஊரார் கேட்பன யாவை? சம்பளம் எவ்வளவு, வீடு எத்தகையது, ஊருக்கு வருவது எப்போது என்னும் மூன்றே. வேர் பிடித்ததா என்று கேட்பவர் அரியர்.

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில் ஸ்டுட்கார்ட் என்னும் நகரம் உள்ளது. அது மோட்டார் வண்டித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளம் பொறியாளர், தம் மனைவியோடும் மூன்று வயதுக் குழந்தையோடும் அந்நகரில் குடியேறுவதாக எண்ணிக்கொள்வோம். இத்தகைய குடும்பங்கள் இன்று பல உள்ளன. அவர்களுடைய முதல் சில மாதங்கள் எவ்வாறு கழியும் என்பதைக் காண்போம்.

புது வீட்டில் குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். வீட்டுக்காரர் ஒப்பமிட்ட சான்றையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். வீட்டுக் குப்பையை ஒன்றாகக் கொட்டுதல் அங்கே இயலாது. காகிதத்திற்கு ஒரு தொட்டி, சமையற் கழிவுக்கு ஒரு தொட்டி, பண்டங்களைப் பொதிந்து வந்த உறைகளுக்கு மற்றொரு தொட்டி என்று பிரித்து இட வேண்டும். கண்ணாடிப் புட்டிகளையோ தெருவோரப் பெட்டிகளில் வெள்ளை, பச்சை, பழுப்பு என நிறம் பார்த்து இட வேண்டும். குளிர்பானம் வாங்கும்போது புட்டிக்கும் சேர்த்துப் பணம் கட்டி, வெறும் புட்டியைத் திருப்பித் தரும்போது அதனைப் பெற்றுக்கொள்ளுதல் அங்கே வழக்கம். ஒருமுறை மட்டும் பயன்படும் புட்டிகளுக்கும் இம்முறை 2003-இல் வந்தது. அத்தகைய புட்டி ஒன்றுக்கு 25 சென்ட்.

ஞாயிற்றுக்கிழமையில் கடைகள் அடைத்திருக்கும். அந்நாள் ஓய்வு நாள் என்பது 1919-ஆம் ஆண்டின் அரசியல் அமைப்பிலேயே எழுதப்பட்டது. 1949-இல் இயற்றப்பட்ட இன்றைய அரசியல் அமைப்பும் அவ்விதியை ஏற்றுக்கொண்டது. ஆதலால், சனிக்கிழமை பால் வாங்க மறந்தவர் திங்கட்கிழமை வரை காத்திருக்க நேரிடும். இரவு பத்து மணிக்கு மேல் அண்டை வீட்டார் உறக்கம் கெடுமாறு ஓசை எழுப்பலாகாது. இவையன்றி, ஸ்டுட்கார்ட் நகருக்கும் அதனைச் சூழ்ந்த பகுதிக்கும் உரிய வழக்கம் ஒன்றும் உண்டு. பல குடும்பங்கள் வாழும் கட்டடத்தில் மாடிப்படியையும் வாயிலையும் முறைவைத்துக் கூட்டித் துடைக்க வேண்டும். எவருடைய முறையோ அவர் வீட்டுக் கதவில் ஒரு பலகை தொங்கும். பலகையைக் கண்டும் கூட்டாமல் விட்டவரைப் பற்றி அண்டை வீட்டார் நல்ல எண்ணம் கொள்வதில்லை.

இவற்றையெல்லாம் கேட்பவர்க்கு, 'இத்தனை கட்டுப்பாடா!' என்னும் மலைப்பு உண்டாகலாம். ஆயினும், இவை உண்மையில் பெருந்துன்பங்கள் அல்ல. விடியற்காலையில் வாயில் பெருக்கிக் கோலமிடும் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குப் படிக்கட்டைக் கூட்டுதல் புதிய பாடம் ஆகுமோ? இவ்விதிகள் யாவும் ஆறு மாதத்தில் கைவந்துவிடும். கைவராமல் நிற்பது வேறொன்று உண்டு. அதுவே ஈண்டு நாம் ஆராய வேண்டுவது.

மூவர் ஒன்றாகவே சென்று குடியேறினர். எனினும், மூவரும் ஒன்றாகவே வேர் விடுவதில்லை. கணவர் காலையில் அலுவலகம் செல்கிறார். அங்கே ஆங்கிலம் பேசுவோர் உளர். செய்வதற்கு வேலை உண்டு. உடன் உண்ணத் தோழர் உண்டு. குழந்தைக்கோ குழந்தைகள் பள்ளி இருக்கிறது. 'குழந்தைத் தோட்டம்' என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்னும் பெயரை உலகுக்கு அளித்தவர் ஜெர்மனி நாட்டுக் கல்வியாளர் பிரெடரிக் புரோபெல். அவர் அப்பெயரைச் சூட்டியது 1840-ஆம் ஆண்டில் ஆகும். இன்று அந்நாட்டுக் குழந்தைப் பள்ளிகளில் போற்றத்தக்க முறை ஒன்று உள்ளது. புதிதாகச் சேரும் குழந்தையை முதல் நாளே தனியே விட்டுவிடுவதில்லை. தாயோ தந்தையோ சில நாள் உடன் அமர்ந்திருக்க வேண்டும். பின்னர்க் கால் மணி நேரம், அரை மணி நேரம் என்று சிறிது சிறிதாகப் பிரிந்திருக்கப் பழக்குவர். புதிய இடம் அச்சம் தரும் என்பதை உணர்ந்தவர் வகுத்த முறை அது.

குழந்தைக்குச் செய்யப்படும் இவ்வுதவியைத் தாய்க்குச் செய்பவர் யார்? கணவரும் குழந்தையும் சென்றபின் அவள் தனியே இருக்கிறாள். திசம்பர்த் திங்களில் அந்நகரில் பகற்பொழுது எட்டு மணி நேரத்திற்குச் சற்றே மிகுதி. மாலை நாலரை மணியளவில் கதிரவன் மறைந்துவிடுவான். சன்னல்கள் சாத்தியிருக்கும், தெருவில் கூவி விற்பவர் இல்லை, எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, 'இன்று என்ன குழம்பு?' என்று கேட்பவர் இல்லை. அஞ்சற் பெட்டியில் கடிதங்கள் வருகின்றன. அவை ஜெர்மன் மொழியில் உள்ளன. தொலைபேசி ஒலிக்கிறது, எடுப்பதற்குக் கை தயங்குகிறது. ஊரில் பட்டம் பெற்றுப் பணியாற்றியவளும் அங்கே ஊமைபோல் ஆகிறாள். குளிரைக் கம்பளி ஆடை தடுக்கும். இத்தனிமையைத் தடுப்பது எது?

மொழி ஒன்றே என்பது என் துணிபு. ஒரு குடும்பம் அயல்நாட்டில் குடியேறினால், அந்நாட்டு மொழியை முதலில் கற்க வேண்டியவர் வேலைக்குச் செல்பவர் அல்லர். வீட்டில் இருப்பவரே ஆவர். வேலைக்குச் செல்பவர் மனைவியாயின், வீட்டில் இருக்கும் கணவருக்கும் இஃது ஒக்கும். சம்பாதிப்பவருக்கு மொழி வேண்டும், மற்றவர் மெல்லக் கற்றுக்கொள்ளலாம் என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்து முறைமாறியது. கதவைத் தட்டும் அண்டை வீட்டாருக்கு மறுமொழி சொல்பவர் யார்? குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து வரும் செய்தியைக் கேட்பவர் யார்? அவசர உதவிக்கு 112 என்னும் எண்ணை அழைத்து, நிகழ்ந்ததையும் முகவரியையும் பதறாமல் கூற வேண்டியவர் யார்? பெரும்பாலும் வீட்டில் இருப்பவரே அன்றோ?

தாய் மொழி பயிலாத வீட்டில் மற்றொரு தீங்கும் மெல்ல நுழைகிறது. குழந்தை இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்நாட்டு மொழியைத் தண்ணீர்போல் பேசத் தொடங்கும். அதனைக் கண்டு பெற்றோர் மகிழ்வர். கடைக்கும் அலுவலகத்திற்கும் அதனை உடன் அழைத்துச் செல்வர். நாளடைவில் குழந்தையே குடும்பத்தின் வாயாகிவிடும். தாயின் நோயை மருத்துவரிடம் எட்டு வயதுச் சிறுமி எடுத்துரைக்க வேண்டும். மருத்துவர் கூறும் கடுஞ்செய்தியை அவளே தாய்க்குச் சொல்ல வேண்டும். தன்மீது ஆசிரியர் எழுதிய குறையைச் சிறுவனே மொழிபெயர்த்துத் தந்தைக்குச் சொன்னால், அது எவ்வாறு அமையும்? இளந்தோள் தாங்கும் சுமையா இது? பிள்ளையின் கையைப் பற்றிப் பெற்றோர் நடக்கும் நிலை முதுமையில் வருவது, இளமையில் வரலாகாது.

இஃது என் கற்பனை அன்று. ஜெர்மனி நாட்டின் அண்மைக்கால வரலாறே இதற்குச் சான்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். 1955-இல் இத்தாலியோடும், 1961-இல் துருக்கியோடும், வேறு சில நாடுகளோடும் அரசு உடன்படிக்கை செய்து தொழிலாளரை வரவழைத்தது. 'விருந்தினர்-தொழிலாளர்' என்பதே அவர்களுக்கு வழங்கிய பெயர். சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பிவிடுவர் என்று அரசு எண்ணியது. வந்தவரும் அவ்வாறே எண்ணினர். விரைவில் திரும்பும் விருந்தினருக்கு மொழி எதற்கு? 1973-இல் ஆள் எடுத்தல் நின்றது. பலர் திரும்பினர், ஆனால் பலர் அங்கேயே தங்கி, மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டனர். அத்தகைய வீடுகள் பலவற்றில் பெற்றோருக்கு வாயாக நின்றவர் பிள்ளைகளே. குடியேறுவோருக்கென நாடு முழுவதற்கும் ஒருங்கமைந்த பயிற்சித் திட்டம் சட்டத்தால் நிலைபெற்றது 2005-ஆம் ஆண்டில்தான். அதன் பொதுப் பயிற்சியில் மொழிக்கு 600 பாட வேளைகளும், நாட்டின் சட்டம், வரலாறு, பண்பாடு ஆகியவற்றிற்குத் தொடக்கத்தில் 30 பாட வேளைகளும் அமைந்தன. முதல் உடன்படிக்கைக்கும் இத்திட்டத்திற்கும் இடையே கழிந்தவை ஐம்பது ஆண்டுகள்! ஓர் அரசு ஐம்பது ஆண்டுகளில் கற்ற பாடத்தை ஒரு குடும்பம் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்ளலாம் அன்றோ?

'நாங்கள் மூன்று ஆண்டில் திரும்பிவிடுவோம்; எங்களுக்கு மொழி எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். விருந்தினராய் வந்த தொழிலாளரும் அவ்வாறே சொன்னவர்கள்தாம். திரும்புவது உறுதியே ஆயினும், மூன்று ஆண்டு என்பது ஆயிரம் நாளுக்கு மேற்பட்டது. ஆயிரம் நாளை ஊமையாய்க் கழிப்பது அறிவுடைமை ஆகுமா?

'அம்மொழி மிகக் கடினம்' என்பர் வேறு சிலர். கடினம் என்பதில் ஐயமில்லை. மேசையை ஆண்பாலாகவும் விளக்கைப் பெண்பாலாகவும் கூறும் மொழி அது. சிறுமியைக் குறிக்கும் சொல்லோ அவ்விரு பாலிலும் அடங்காமல் மூன்றாம் பாலில் நிற்கும்! எனினும், தமிழருக்கு அதில் சில எளிமைகளும் உள்ளன. நம் மொழியில் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் இருப்பதுபோல அம்மொழியிலும் நெருங்கியவர்க்கு ஒரு சொல்லும், மதிப்புக்குரியவர்க்கு வேறு சொல்லும் உண்டு. ஒரு வாக்கியத்துள் அடங்கி வரும் துணை வாக்கியத்தில், வினைச்சொல் தமிழிற்போல இறுதியிலே நிற்கும். ஆங்கிலேயர் வியந்து பயிலும் இவ்விரண்டும் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை.

ஆதலால், குடியேறும் குடும்பம் வரவு செலவுத் திட்டத்தில் வாடகைக்கும் கம்பளிக்கும் பணம் ஒதுக்குவதுபோல, மொழிப்பயிற்சிக்கும் பணமும் பொழுதும் ஒதுக்குதல் வேண்டும். முதியோர் கல்வி தரும் மக்கட் பள்ளிகள் அந்நாட்டு நகரங்களில் உள்ளன. அங்கே மாலை வகுப்புகளும் நடைபெறுகின்றன. மாலையில் கணவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டு மனைவியை வகுப்பிற்கு அனுப்பட்டும். ஒரு வேளை சோறு வடிக்கவும் அவர் கற்றுக்கொள்ளட்டும். அது மனைவிக்குச் செய்யும் சலுகை அன்று. குடும்பத்திற்குச் செய்யும் கடமை.

புதிய மொழியைக் கற்பதால் தாய்மொழியைக் கைவிட வேண்டும் என்பது பொருளன்று. தாய் வகுப்பில் ஜெர்மன் பயிலட்டும். வீட்டில் குழந்தையோடு தமிழிலேயே பேசட்டும். அரைகுறையாகக் கற்ற மொழியில் தாலாட்டுப் பாட இயலுமா? 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து புகலிடம் நாடி அந்நாடு சென்ற தமிழர் இதனை நன்கு உணர்ந்தனர். வார நாளில் ஜெர்மன் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்தினர். ஹாம் என்னும் நகரில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் 2002-இல் குடமுழுக்குக் கண்டது. தேர்த் திருவிழாவின்போது ஜெர்மானியரும் வந்து வியந்து நோக்குவர். அவர்களோடு நின்று அவர்கள் மொழியிலேயே தேரின் பெருமையை எடுத்துச் சொல்லும் தமிழ்ப் பிள்ளைகள் உளர். இரண்டு மொழியும் உடையவர் இரண்டு உலகும் உடையவர்.

அயல்நாட்டுக் குடித்தனத்தின் வெற்றியைச் சம்பளத்தால் அளப்பது பிழை. வீட்டில் இருப்பவர் தாமே கடிதம் படித்து, தாமே மருத்துவரிடம் பேசி, படிக்கட்டில் எதிர்ப்படும் அண்டை வீட்டாரோடு நின்று நாலு சொல் சிரித்துப் பேசும் நாள் எந்நாளோ, அந்நாளே அக்குடும்பம் அங்கே குடியேறிய நாள் ஆகும். விமானத்தில் வந்து இறங்கிய நாள் அன்று.