லாட்டரிப் பணமும் விளையாட்டு மைதானமும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் பெருஞ்சாலையில் எல்லையைக் கடந்தவுடன் வாளையாறு வருகிறது. அங்கே சாலையோரக் கடைகளில் கேரள சர்க்காரின் லாட்டரிச் சீட்டுகள் கொத்துக்கொத்தாய்த் தொங்குகின்றன. வாங்க வருவோரில் நம் பக்கத்து ஜனங்களும் பலர். 2023-ம் வருஷத்து ஓணம் பம்பரில் முதற் பரிசாகிய 25 கோடி ரூபாய் விழுந்த சீட்டு அந்த வாளையாற்றில் விற்ற சீட்டேயாகும். 500 ரூபாய் விலையுள்ள அச்சீட்டுக்கு உரியவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நால்வர். அந்தச் செய்தி நம் கொங்கு நாட்டில் எவ்வளவு பேசப்பட்டது என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இதைக் கண்ட நண்பர்கள் சிலர் நம்மிடம் ஒரு யோசனை கூறுகிறார்கள். "நம் ஜனங்களின் பணம் எப்படியும் எல்லை தாண்டிப் போகிறது. அதைத் தடுக்க முடியாதென்றால், நாமே ஒரு லாட்டரி நடத்தி, வரும் பணத்தை விளையாட்டுக்கென்று ஒதுக்கிவிடலாமே! இங்கிலாந்தில் அப்படித்தானே செய்து ஒலிம்பிக்கில் தங்கத்தை அள்ளினார்கள்?" என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு இனிமையான வாதந்தான். ஆனால் இங்கிலாந்தில் நடந்தது இன்னதென்று முழுதும் தெரிந்துகொள்ளாமல் பாதியை மட்டும் இரவல் வாங்குவது நமக்குப் புதிய வழக்கமன்று. ஆகையால் அதையே முதலில் பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1993-ல் பார்லிமெண்டு சட்டம் செய்து, 1994 நவம்பரில் தேசிய லாட்டரியின் முதற் குலுக்கலை நடத்திற்று. தொடக்க காலத்தில் சீட்டுக்குக் கொடுத்த நூறு காசில் ஏறத்தாழ 50 காசு பரிசுக்கும், 28 காசு நற்காரியங்களுக்கும், 12 காசு வரிக்கும் போயின; மிச்சம் கடைக்காரருக்கும் நடத்தும் கம்பெனிக்கும். அந்த 28 காசு கஜானாவில் கலக்கவில்லை. அதற்கென்றே தனி நிதி ஒன்று சட்டத்திலேயே ஏற்படுத்தப்பட்டது. அதில் விளையாட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று சட்டமே பிரித்துக்கொடுத்தது. அந்தப் பங்கை யாருக்குக் கொடுப்பதென்று தீர்மானிப்பது மந்திரியின் வேலையன்று. விளையாட்டு கவுன்ஸில்களின் வேலை. கணக்கு பார்லிமெண்டின் முன் வைக்கப்பட வேண்டும்.

பலன் என்ன? 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டன் பெற்றது ஒரே ஒரு தங்கம்; பதக்கப் பட்டியலில் 36-வது இடம். அடுத்த வருஷத்திலிருந்து தேர்ந்த வீரர்களுக்கு லாட்டரிப் பணம் போகத் தொடங்கிற்று. 2012-ல் லண்டனிலேயே நடந்த ஒலிம்பிக்கில் அவர்கள் பெற்றது 29 தங்கம், மூன்றாவது இடம். நம் நண்பர்கள் இவ்வளவையுந்தான் சொல்லுகிறார்கள்.

சொல்லாமல் விட்டதையும் சொல்லவேண்டும். லாட்டரிப் பணம் சர்க்காரின் செலவுக்கு மேலதிகமாக இருக்கவேண்டுமேயன்றி, சர்க்கார் செலவுக்குப் பதிலாக இருக்கக்கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர்நிலையான கொள்கை. ஆனால் லண்டன் ஒலிம்பிக்கின் செலவு மதிப்பு ஏறிக்கொண்டே போனபோது, 2007-ல் மேலும் 67 1/2 கோடி பவுன் லாட்டரி நிதியிலிருந்து அதற்குத் திருப்பப்பட்டது. கலைக்கும், தர்மத்துக்கும், ஊர் விளையாட்டுக்கும் போகவேண்டியிருந்த பணம் அது. அவ்வளவு கட்டுப்பாடுள்ள தேசத்திலேயே பெரிய திருவிழா ஒன்று வந்ததும் சிறிய மைதானம் பின்னால் தள்ளப்பட்டது. பதக்கம் கிடைக்கும் ஆட்டத்துக்கே பணம் என்ற விதியால், 2014-ல் கூடைப்பந்துக்கு உயர்நிலை உதவி நிறுத்தப்பட்டது. பதக்க நம்பிக்கை இல்லையாம்! பூ. சா. கோ. கோப்பைக்கான கூடைப்பந்தாட்டத்தைத் திரண்டு வந்து பார்க்கும் நமது நகரத்தில் இந்த விதியைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தியா ஒலிம்பிக் கூடைப்பந்தில் பதக்கம் வாங்கும்வரை நம் பையன்கள் வளையத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

நிற்க. இனி நம் தேசத்துச் சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது.

நம்முடைய லாட்டரி ஒழுங்குச் சட்டம் 1998-ம் வருஷத்தது. குலுக்கல் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது, பம்பர் வருஷத்துக்கு ஆறுக்கு மேல் கூடாது என்றெல்லாம் அது விவரமாகச் சொல்லுகிறது. ஆனால் வருமானத்தைப் பற்றி அது சொல்லுவது ஒரே வரி: சீட்டு விற்ற பணம் ராஜ்யத்தின் பொதுக் கணக்கில் சேர்க்கப்படவேண்டும். அவ்வளவே. எதற்காகச் செலவிடுவது, யார் பிரித்துக்கொடுப்பது, விளையாட்டுக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு என்று ஒரு சொல்லும் இல்லை. அரசியல் சட்டத்தின் 266-வது ஷரத்தைப் படித்தவர்கள் பொதுக் கணக்கு என்றால் என்ன என்பதை அறிவார்கள். பிறருக்காகச் சர்க்கார் வைத்திருக்கும் டெபாசிட்டு முதலியவை இருக்குமிடம் அது. அதிலிருந்து பணம் எடுக்கச் சட்டசபையின் வாக்கு வேண்டியதில்லை. தர்மகர்த்தாவின் பெட்டியில் பணத்தைப் போட்டுவிட்டு, தர்மம் யாருக்கென்று எழுதாமல் விட்ட சாஸனத்தை எந்த வக்கீலாவது கண்டதுண்டா?

கேரளம் தன் சொந்த யோசனையால் இந்தக் குறையை ஓரளவு நிரப்பிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2011-ல் காருண்யா லாட்டரியைத் தொடங்கி, அதன் வருவாயை ஏழைகளின் வைத்தியச் செலவுக்கென்று குறித்தார்கள். அங்கே சிறு ஏஜெண்டுகள் மூலமாகச் சர்க்காரே விற்கிறது. அங்கஹீனர்கள் பலர் அதனால் பிழைக்கிறார்கள். மற்றச் சில ராஜ்யங்களில் நடப்பது வேறு. அங்கே ஒரே மொத்த வியாபாரி சீட்டுகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு போய் விற்கிறார். அந்த வியாபாரி சர்க்காரின் ஏஜெண்டு அல்லர், விலை கொடுத்து வாங்குபவரே என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சேவை வரி வழக்கில் வந்த தீர்ப்பு அது. சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் அதன் பொருளை யோசியுங்கள். வாங்குபவருடைய லாபம் வாங்குபவருக்கே சொந்தம். அது பொதுக் கணக்கைக்கூட எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த லாபத்தின் அளவை நாம் ஊகிக்கவேண்டியதில்லை. 2024 மார்ச்சில் தேர்தல் கமிஷன் தேர்தல் பத்திரங்களின் ஜாபிதாவை வெளியிட்டபோது, எல்லோருக்கும் மேலாக முதலிடத்தில் நின்றது நமது கோயம்புத்தூரில் விலாசமுள்ள லாட்டரிக் கம்பெனியாகிய ஃப்யூச்சர் கேமிங். அது வாங்கிய பத்திரங்களின் தொகை 1,368 கோடி ரூபாய். கட்சி வித்தியாசமின்றிப் பல கட்சிகளுக்கும் அது போயிற்று. பத்திரம் வாங்கியது அன்றைய சட்டப்படி குற்றமன்று. திட்டத்தையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2024 பிப்ரவரி 15-ல்தான். கம்பெனியைத் தூற்றுவது நமது நோக்கமன்று. நாம் காட்ட விரும்புவது ஒரு கணக்கு. கேலோ இந்தியா திட்டத்துக்கு 2025-26 வரவுசெலவில் தேசம் முழுவதற்கும் ஒதுக்கியது 1,000 கோடி. ஒரு லாட்டரி வியாபாரி ஐந்து வருஷத்தில் கட்சிகளுக்குக் கொடுக்க முடிந்தது அதைவிட அதிகம். சீட்டு வாங்கிய கூலிக்காரனின் பணம் மைதானத்துக்குப் போகும் வழியில் எங்கே தங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு நூற்றுக்கு 40 வீதம் சரக்கு சேவை வரி. சீட்டின் விலைக்குள்ளேயே வரியும் அடக்கமாதலால், நூறு ரூபாய்ச் சீட்டில் 28 ரூபாய்க்கு மேல் வரியாகப் போகிறது. இங்கிலாந்தில் நற்காரியத்துக்கென்று வைத்த அதே 28! இங்கே அது கஜானாவில் கலந்து கரைந்துவிடுகிறது. அதில் ஒரு காசுகூட விளையாட்டுக்கென்று குறிக்கப்படவில்லை.

தமிழ்நாட்டின் அநுபவம் நமக்குத் தெரிந்ததே. 1968-ல் அண்ணாதுரை மந்திரிசபை பரிசுச் சீட்டைத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற வாசகம் ஊரெங்கும் ஒலித்தது. வீட்டுக்கு எத்தனை பேருக்கு விழுந்தது? திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கொட்டகைகளிலும் சனிக்கிழமை கூலி வாங்கியவன், அரிசிக் கடைக்குப் போகுமுன் சீட்டுக் கடையில் நின்ற காலத்தை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். பல குடும்பங்கள் கெட்ட பிறகே 2003 ஜனவரியில் ஜெயலலிதா அம்மையாரின் சர்க்கார் லாட்டரி விற்பனையைத் தடைசெய்தது. அந்தத் தடை சரியானது என்பதே நமது அபிப்பிராயம். ஏழையின் ஆசையிலிருந்து வசூலித்து அவன் மகனுக்குப் பந்து வாங்கிக்கொடுப்பது தர்மமும் அன்று, சிக்கனமும் அன்று.

இருந்தும் இந்தப் பிரச்னையை இப்போது எழுப்பக் காரணம் உண்டு. 2030-ம் வருஷத்துக் காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது. 2036 ஒலிம்பிக்கை நடத்தும் விருப்பத்தையும் இந்தியா 2024 அக்டோபரிலேயே எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறது. இவ்வளவு பெரிய திருவிழாக்களுக்குப் பணம் தேடும்போது தேசிய லாட்டரி என்ற பேச்சு எழாது என்று யார் உறுதி சொல்ல முடியும்? கல்கத்தா டவுன் ஹாலையும் வீதிகளையும் கும்பினி காலத்து வெள்ளைக்காரன் லாட்டரிப் பணத்தில் கட்டினான் என்பது பழைய கதை. ஆட்சியாளருக்கு அந்த ருசி போவதில்லை. இன்று மத்திய சர்க்கார் அப்படியொரு லாட்டரி நடத்தவில்லை. ஆனால் நடத்துவதற்கு அரசியல் சட்டத்தின் யூனியன் ஜாபிதாவில் 40-வது இனம் இடம் கொடுக்கிறது. 1998-ம் வருஷத்துச் சட்டத்தின் 5-வது பிரிவோ, மற்ற ராஜ்யங்களின் லாட்டரியைத் தடுக்க மட்டுமே நமக்கு அதிகாரம் தருகிறது. மத்திய சர்க்காரின் சீட்டைப் பற்றி அது பேசவே இல்லை. அதாவது, டெல்லியிலிருந்து ஒரு விளையாட்டு லாட்டரி புறப்பட்டால், 2003-ல் நாம் சாத்திய கதவை அந்தப் பிரிவைக் காட்டிச் சாத்திக்கொள்ள முடியாது. உக்கடத்தில் விற்ற சீட்டின் பணம் அகமதாபாத் ஸ்டேடியத்துக்குப் போவதைத் தடுக்கவும் சட்டத்தில் ஒரு சொல் இல்லை.

விளையாட்டுக்குப் பணம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டியில் காய்கறி விற்ற தாயின் மகன் மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். வென்ற பின் தமிழ்நாடு சர்க்கார் 2 கோடி ரூபாய் அறிவித்தது, சந்தோஷம். ஆனால் வெல்லுமுன் அவருக்குத் தேவைப்பட்டது நல்ல மைதானமும் பயிற்சியாளரும் வயிறாரச் சாப்பாடும். அவை சட்டசபையில் வாக்கெடுத்து, பகிரங்கமாக வரியிலிருந்து கொடுக்கவேண்டிய செலவு. நம் ராஜ்யத்தில் 1992 முதல் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது. விளையாட்டு ராஜ்ய ஜாபிதாவின் விஷயம். ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ஒரு மைதானம் என்று அந்த ஆணையம் கணக்கெடுத்து, இல்லாத ஊர்களின் பெயரை வருஷந்தோறும் சட்டசபையின் மேஜைமேல் வைக்கட்டும்.

லாட்டரி நடத்தும் ராஜ்யங்கள் நடத்தட்டும். ஆனால் சட்டம் இப்படியே இருக்கக்கூடாது. பணம் யாருக்கென்று சட்டத்திலேயே எழுதவேண்டும். பிரித்துக்கொடுக்கும் கமிட்டியில் மந்திரியும் மொத்த வியாபாரியும் இருக்கக்கூடாது. வியாபாரியின் லாபத்துக்கு உச்ச வரம்பு வேண்டும். யூனியன் சர்க்காரின் சீட்டையும் தடுக்க ராஜ்யத்துக்கு அதிகாரம் வேண்டும். கோயம்புத்தூர், பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் பிரதிநிதிகள் லோக்சபையில் எந்தக் கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தாலும், அடுத்த கூட்டத்தில் இந்த 5-வது பிரிவைப் பற்றி ஒரு கேள்வியாவது போடுவார்களா? தேர்தல் பத்திர ஜாபிதாவில் அவரவர் கட்சியின் பெயர் எந்த வரியில் இருக்கிறதென்று பார்த்துவிட்டே பதில் சொல்லட்டும்.