பற்று எழுதியாச்சு, வரவு எங்கே?

'அப்ரூவர்' என்ற வார்த்தை நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் தெரியும். கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தால் உனக்கு மன்னிப்பு. ஆனால் நம்ம சட்டத்தில் அந்த மன்னிப்பை அரசு வக்கீல் தன் இஷ்டத்துக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது, நீதிமன்றம்தான் கொடுக்க வேண்டும். அப்ரூவர் கூண்டேறி உண்மையைச் சொல்ல வேண்டும். பேச்சு மாறினால் வழக்கு அவர் மேலேயே திரும்பும்.

அமெரிக்காவில் கம்பெனிகளுக்கு இதைவிட சொகுசான வழி ஒன்று உண்டு. தப்பை நீயே வந்து சொல், லாபத்தைத் திருப்பிக் கட்டு, வழக்கே போடமாட்டோம். நீதிபதி தேவையில்லை, ஒரு கடிதம் போதும்!

அப்படி ஒரு கடிதம் 2019 பிப்ரவரியில் காக்னிசன்ட் கம்பெனிக்குப் போனது. விவகாரம் நம்ம பக்கத்து சமாச்சாரம்தான். சென்னை வளாகத்தின் கட்டட அனுமதிக்காக 2014ல் தமிழ்நாட்டு அதிகாரி ஒருவருக்கு 20 லட்சம் டாலர் லஞ்சம், அதை மறைக்க கான்ட்ராக்டர் பில்லில் போலிக் கணக்கு என்பது குற்றச்சாட்டு. காரைக்காலில் பி.காம் முடித்துவிட்டு ஓ.எம்.ஆர். பக்கம் வேலை தேடிப் போகிற எங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த கம்பெனி. 2.5 கோடி டாலர் கட்டியது, கிரிமினல் வழக்கிலிருந்து தப்பித்தது. அந்தப் பணம் போனது அமெரிக்காவுக்கு. வாங்கியதாகச் சொல்லப்பட்ட அதிகாரியின் பெயர் அவர்களுடைய குற்றப்பத்திரிகையில் கூட இல்லை.

"தானா வந்து சொன்னவனை விடலைன்னா அப்புறம் யார் சொல்வாங்க?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். கம்பெனியை விட்டது என் சண்டை இல்லை. விட்டதற்கு அரசு வக்கீல்கள் எழுதிய காரணங்களில் ஒன்று, கம்பெனி சீக்கிரம் சொன்னதால் தப்புக்குப் பொறுப்பான தனிநபர்களை அடையாளம் காண முடிந்தது என்பது. அதாவது கம்பெனிக்கு மன்னிப்பு பற்று, ஆட்கள் மேல் விசாரணை வரவு. முன்னாள் பிரசிடென்ட் கார்டன் கோபர்ன், முன்னாள் தலைமைச் சட்ட அதிகாரி ஸ்டீவன் ஷ்வார்ட்ஸ் இருவர் மேலும் வழக்கு போட்டார்கள். இருவரும் மறுத்தார்கள்.

2025 பிப்ரவரியில் வெளிநாட்டு லஞ்சச் சட்டத்தை நிறுத்திவைக்க அதிபர் டிரம்ப் உத்தரவு போட்டார். ஏப்ரலில் அரசு வக்கீல்களே வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். முடிந்தது கதை. அந்த இருவரும் நிரபராதிகள் என்றால் அதை விசாரணையில் நிரூபிக்கும் வாய்ப்பும் போச்சு. குற்றவாளிகள் என்றால் தண்டனையும் போச்சு. பற்று அப்படியே நிற்கிறது, வரவை மட்டும் அடித்துவிட்டார்கள். முதல் வருஷ அக்கவுண்டன்சி பேப்பரில் இப்படி எழுதினால் எனக்கு முட்டை மார்க்!

இதை யார் தணிக்கை செய்வது? ஜெஃப்ரி எப்ஸ்டீனோடு 2007ல் போட்ட ஒப்பந்தத்தை அமெரிக்க நீதித்துறையின் ஒழுங்குப் பிரிவு 2020ல் ஆராய்ந்தது. விவேகம் போதவில்லை, ஆனால் தொழில் ஒழுங்கீனம் இல்லை என்று சொல்லி முடித்துக்கொண்டது. வக்கீலை வக்கீலின் ஆபீசே விசாரித்தால் வேறு என்ன வரும்?

நம்ம நாட்டில் வழக்கை வாபஸ் வாங்க நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும். புதிய சட்டத்தில் பாதிக்கப்பட்டவரையும் கேட்டாக வேண்டும். அந்தப் பூட்டு எத்தனை துருப்பிடித்திருந்தாலும் பூட்டு பூட்டுதான். கம்பெனிகளுக்கு அமெரிக்க மாதிரி மன்னிப்பு இங்கேயும் வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வரவுப் பக்கத்தில் யார் கையெழுத்து போடப் போகிறார்கள்?