ஓடி ஒளிய இடமில்லாத வீடு



வரவேற்பறையில் மீன் தொட்டி வைப்போர் விரும்பி வாங்கும் அழகு மீன்களுள் ‘சிக்லிட்’ குடும்பத்தவை பல. ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளிலும் தென் அமெரிக்க ஆறுகளிலும் இவை மிகுதி. நாம் சந்தையில் வாங்கும் ஜிலேபிக் கெண்டையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

முட்டையையும் குஞ்சையும் கண்ணெனக் காக்கும் இம்மீன்கள், இடத்திற்காகப் போரிடுவதில் கடுமையானவை. ஆண் மீன் ஒரு பாறையைத் தனதாக்கிக்கொண்டு மற்றவற்றை விரட்டும். பல இனங்களில் வென்றது நிறம் பொலிந்து நிற்கும். தோற்றது நிறம் மங்கி ஒதுங்கும். ஏரியில் இதனால் பெருங்கேடில்லை. தோற்ற மீன் நீந்தி அகன்றுவிடும். சண்டையும் அத்தோடு முடியும். தொட்டியிலோ அகல்வதற்கு இடமேது? வென்றது, கண்ணெதிரே நிற்கும் எளியதை மீண்டும் மீண்டும் தாக்கும். துடுப்பு கிழிந்து, இரையுண்ண அஞ்சி, மூலையில் ஒடுங்கி அது மடிவதும் உண்டு.

1973-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆஸ்திரிய அறிஞர் கான்ராட் லோரன்ஸ், 1963-இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி கூறுகிறார். தொட்டியைக் கண்ணாடியால் தடுத்து, இருபுறமும் ஒவ்வோர் இணையை விட்டால், ஆண்கள் தடுப்பின் வழியே ஒன்றையொன்று சீறும். தத்தம் துணையிடம் இணக்கமாய் இருக்கும். கண்ணாடியில் பாசி படர்ந்து அயலான் மறைந்தாலோ, ஆண் தன் துணையிடமே முரடாக நடக்கத் தொடங்கும். சினம் உள்ளே தேங்கி வழிந்தே தீரும் என்னும் லோரன்ஸின் விளக்கத்தை இன்றைய அறிஞர் பலர் ஏற்பதில்லை. ஆயினும் அடி விழுவது, அருகில் விலக வழியின்றி நிற்கும் உயிரின்மேல்தான்.

மீன் வளர்ப்போர் தொட்டியைப் பெரிதாக அமைக்க வேண்டும். மறைவிடம் தரும் கற்களை அடுக்க வேண்டும். புதுமீனை விடும்போது கற்களை இடம் மாற்றினால் பழைய எல்லைகள் கலைந்துவிடும். அடிபட்டதை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுக.

வெளியில் மேலதிகாரியிடம் வாய் திறவாதவர், வீட்டில் மனைவி மக்களிடம் குரலுயர்த்துவதை நாம் அறிவோம். மீன் தன் இயல்பின்படி நடக்கிறது. அதனைக் குறைகூற இயலாது. மனிதரோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சினத்தையும் கழற்றிவைக்கக் கூடியவர். நம் இல்லத்தில் எளியவர் யார், அவர் ஒதுங்கி நிற்க இடமுண்டா என இன்றிரவே எண்ணிப் பார்ப்போமாக!