தாலுகா ஆஸ்பத்திரிக்கும் இரவு உண்டு!

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர். இடையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா போகிறவர்கள் வண்டியை நிறுத்தி நிறுத்தி செல்ஃபி எடுக்கும் இந்தச் சாலையில்தான், வால்பாறை அரசு மருத்துவமனையிலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறவர்களும் மலையிறங்க வேண்டும். வெயில் நாளிலேயே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஆடி மழையில் மண் சரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பிரசவத்துக்குப் பின் உண்டாகும் கடும் ரத்தப்போக்கு, சிகிச்சை கிடைக்காவிட்டால் சுமார் இரண்டு மணி நேரத்திலேயே உயிரைப் பறித்துவிடக்கூடியது. எஸ்டேட் லயன் வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு உள்ளூர் அரசு மருத்துவமனை என்னவாக இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

குறை சொல்லும் முன் நிறையைச் சொல்லிவிடுவது நியாயம். எந்தத் தாலுகா மருத்துவமனைக்கும் காலையில் போய்ப் பாருங்கள். ஓ.பி. சீட்டு வரிசை வாசல்வரை நீளும். சுகருக்கும் பி.பி.க்கும் மாத்திரை வாங்க முதல் பஸ் பிடித்து வந்த பெரியவர்கள், சுருட்டிய நோட்டோடு நிற்பார்கள். எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று சொல்லிச் சொல்லி, அட்டையைக் கத்தரித்துக் கவரில் போட்டுத் தருவார் மருந்தாளுநர். சல்லிக்காசு செலவில்லை. மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் செய்துவரும் வேலை இது. பல மாநிலங்கள் இதைப் பார்த்துப் பின்பற்றின.

பிரசவத்திலும் நாம் முன்னே நிற்கிறோம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20 கணக்கில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய்மார் மரணம் இந்திய அளவில் 97, தமிழகத்தில் 54.

எல்லாம் சரி. பொழுது சாய்ந்த பிறகு?

அவசர சிசேரியன் என்றால் மகப்பேறு மருத்துவர் மட்டும் போதாது. மயக்க மருந்து கொடுக்க ஒருவர், குழந்தையைக் கவனிக்க ஒருவர், தியேட்டர் நர்ஸ், கையிருப்பில் ரத்தம் என எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். ஒன்று குறைந்தாலும், ‘பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க’ என்பதுதான் பதில். அதைச் சொல்லும் டியூட்டி டாக்டரைக் குறைகூறிப் பயனில்லை. தனியாளாக வார்டையும் கேஷுவாலிட்டியையும் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.

ஸ்பெஷலிஸ்ட்டுகளே இல்லாத மாநிலமா இது? அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 50 சதவிகிதத்தை ஒதுக்கும் மாநிலம். இந்த ஒதுக்கீட்டுக்குச் சிக்கல் வந்தபோது உச்ச நீதிமன்றம்வரை போராடி, 2020 ஆகஸ்ட்டில் அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பால் உரிமையை மீட்டோம். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளையும் திறந்தோம்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கல்லூரியில் பேராசிரியர் எண்ணிக்கை குறைந்தால் தேசிய மருத்துவ ஆணையம் நோட்டீஸ் அனுப்பும், அங்கீகாரத்துக்கே ஆபத்து. தாலுகா மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவர் பணியிடம் காலியாகக் கிடந்தால் யார் நோட்டீஸ் அனுப்புவது? கேள்வி கேட்கப்படும் இடத்துக்கு ஆள் போகிறது. கேட்பாரற்ற இடம் காலியாகிறது. இரண்டும் தனித்தனி இயக்ககங்களின் கீழ் இருப்பதால், ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்புவதும் எளிதாக இல்லை.

பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் மகப்பேறு, மயக்கவியல், குழந்தைகள் நல மருத்துவர்கள் இரவிலும் கிடைக்கும்படி சுழற்சிப் பணி முறை வேண்டும். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியிலிருந்தே ஆட்களை அனுப்பலாம். மலைப்பகுதிகளுக்கு முதலிடம் தரவேண்டும். அங்கே போகிறவர்களுக்குத் தண்ணீர் வரும் குவார்ட்டர்ஸும், கௌரவமான படியும், இத்தனை ஆண்டுக்குப் பின் இடமாறுதல் உறுதி என்கிற உத்தரவாதமும் கிடைக்க வேண்டும்.

ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையும் மாதந்தோறும் எத்தனை பேரை, என்ன காரணத்துக்காக வெளியே அனுப்பியது என்ற கணக்கைச் சுகாதாரத்துறை பொதுவில் வைக்கட்டும். செலவே இல்லாத வேலை இது. அடுத்த மாதமே தொடங்கலாம்!