ஒழுகும் குட்டைக்கும் ஆள் வேண்டும்



பண்ணைக்குட்டை வெட்ட மானியம் கிடைக்கிறது. வெட்டிய குட்டை ஒழுகினால் சரிசெய்யத்தான் ஊரில் ஆளில்லை. வெல்டிங், மோட்டார் ரிப்பேர் போலக் கசிவு அடைப்பதையும் கிராமத்து இளைஞர்கள் தொழிலாக எடுக்கலாம். முதல் போட வேண்டியது கருவிகளைவிடக் கவனத்தில்தான். தண்ணீர் ஆவியாகிறதா, கசிகிறதா என்றறிய ஒரு வாளி போதும்: குட்டைத் தண்ணீரையே நிரப்பி, வாளியைக் குட்டைக்குள்ளேயே அசையாமல் நிறுத்தி, மறுநாள் இரண்டிலும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என அளக்க வேண்டும். மழையும் இறைப்பும் இல்லாத நாளில், வாளியைவிடக் குட்டையில் கூடுதலாக இறங்கியதே கசிவு. மண் குட்டையென்றால் களிமண்ணோ பென்டோனைட்டோ பரப்பி இறுக்கலாம். 500 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு கிழிந்திருந்தால் அதே ரகத் துண்டை வெப்பக்காற்றால் ஒட்டலாம். முழு விரிப்பையும் மாற்றச் சொல்லி விற்பவரைவிட, இப்படி ஒட்டித்தருபவரே விவசாயிக்கு வேண்டியவர்.

கசிந்தால் நிலத்தடி நீர்தானே உயரும் என்பார்கள். கசிவுநீர்க் குட்டைக்கு அது சரி. அதை அடைக்கவே கூடாது. ஆனால் கோடைப் பயிருக்கு உயிர்த்தண்ணீர் தேக்கிய குட்டை மாசியிலேயே வறண்டால் நட்டம் அந்த விவசாயிக்குத்தான். கசிவு அடைக்கும் வேலை கோடையில் மட்டும்தானே என்பதும் உண்மையே. அதனால் சொட்டுநீர்க் குழாய்ப் பராமரிப்பையும் சேர்த்தே கற்றுத்தர வேளாண் பொறியியல் துறை முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், தருமபுரி