மலைக்கு எங்களையும் கூட்டிப் போங்க!



சுற்றுலா என்றாலே நமக்குக் கடலும் கோயிலும்தான். நம்ம மாவட்டத்து மலையில் ஒருநாள் நடந்து பார்த்தால் என்ன? ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்பு இருக்கு. பேயனாறு ஓடுது. சாம்பல் நிற அணில்களுக்காக 1988ல் சரணாலயம் ஆக்கின காடு அது. 2021ல் புலிகள் காப்பகமும் ஆச்சு.

"பொம்பளப் பிள்ளைக்கு மலை எதுக்கு, ஆபத்து" என்பார்கள். தண்ணிக்குடத்தோடு எவ்வளவு தூரம் நடந்தாலும் அப்படி யாரும் சொல்றதில்லை! ஆபத்து, எந்த மாசம் போறோம் என்பதில்தான் இருக்கு. குரங்கணியில் பலர் உயிரைப் பறித்த காட்டுத்தீ 2018 மார்ச்சில், காடு காய்ந்த நேரத்தில் வந்தது. சதுரகிரியில் திடீர் வெள்ளம் 2015 மே மாதம், கோடை மழையில் வந்தது. அடைமழை ஓய்ந்து, வெயில் ஏறாத தை மாதம்தான் நடக்கத் தோதானது.

அரசு 2024ல் மலையேற்றத் திட்டம் ஆரம்பித்தது. அதில் வழிகாட்டி உண்டு, கட்டணமும் உண்டு. பட்டாசு வேலைக்குப் போகிற எங்க அம்மாக்களால் அதைக் கட்ட முடியாது. அதனால் நம்ம பள்ளியே வனத்துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். பொங்கல் லீவு முடிந்து ஒரு சனிக்கிழமை, டீச்சர்கள் துணைக்கு வந்தால் போதும். கட்டுச்சோறு நாங்க கொண்டு வர்றோம்.

இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி, சூலக்கரை