அம்பு எய்த இடமா, அடிபட்ட இடமா?



கட்டுரை தாங்கிய கணினி அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலே. பெயர் கெட்டதென்று பதறியவரோ ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலே! வழக்கு எந்த ஊர் மன்றத்திலே? விடை காண ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமே கூட வேண்டியிருந்தது.

2000ஆம் ஆண்டு அக்டோபரில், டவ் ஜோன்ஸ் நிறுவனம் தன் 'பாரன்ஸ்' ஏட்டிலும் இணையதளத்திலும் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதனால் அவதூறுக்கு ஆளானதாகக் கூறி, தொழிலதிபர் ஜோசப் குட்னிக் தாம் வாழும் விக்டோரியா மாநிலத்து நீதிமன்றத்தின் படியேறினார். வெளியீடு நிகழ்ந்தது நியூ ஜெர்சியிலே, அங்குள்ள சட்டமே செல்லும் என வாதிட்டது நிறுவனம்.

என்னே வாதம்! அந்தத் தளத்துக்கு ஆஸ்திரேலியக் கடன் அட்டை மூலம் பணம் கட்டிய சந்தாதாரர் ஏறத்தாழ 1,700 பேர். காசு வாங்கக் கடல் தாண்டி நீண்ட கை, கணக்குக் கேட்டதும் மடங்குவதா?

2002 டிசம்பர் 10ஆம் நாள், ஏழு நீதிபதிகளும் நிறுவனத்தின் முறையீட்டைத் தள்ளினர். படிப்பவன் எங்கே கட்டுரையைத் தன் கணினியில் இறக்குகிறானோ, அங்கே புகழுக்கு ஊறு நேர்ந்தால், அவதூறும் அங்கேதான் என்பது தீர்ப்பின் சாரம்.

நல்ல தீர்ப்பே! ஆயினும் கைதட்டுமுன் மறுபக்கத்தையும் பாருங்கள். அங்கே மோதியவை இரு யானைகள். நாளை, ஊழலை எழுதிய ஏழை எழுத்தாளன் ஒருவனை, அந்த எழுத்து படிக்கப்பட்ட ஊருக்கெல்லாம் ஒரு கோடீசுவரன் இழுத்தடித்தால்? தீர்ப்பு வருமுன்பே வழிச்செலவே அவனுக்குத் தண்டனையாகிவிடாதா?

எனவே வரம்பு வேண்டும். குட்னிக், விக்டோரியாவில் தமக்கு நேர்ந்த இழுக்குக்கு மட்டுமே ஈடு கேட்டார். வேறெங்கும் வழக்கிடுவதில்லை என உறுதியும் தந்தார். அவர் விரும்பி அளித்ததை, எல்லார்க்கும் சட்டமே விதிக்கட்டும்: ஒரு கட்டுரைக்கு ஒரே வழக்கு!

வாணிகம் நடத்துபவனுக்கும் வாய் திறந்தவனுக்கும் வேறுபாடும் காணட்டும். 1997இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 'ஸிப்போ' வழக்கிலே ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அத்தகைய அளவுகோலை வகுத்தது: அயலூராரோடு வாணிகம் நடத்தும் தளம் அவ்வூர் மன்றத்துக்குக் கட்டுப்படும், செய்தியை வெறுமனே காட்டி நிற்கும் தளம் கட்டுப்படாது.

கடை விரித்தவன் எவனாயினும் கூண்டேறட்டும்! குரல் கொடுத்த குற்றத்துக்காக எளியவன் நாடுதோறும் அலைக்கழிக்கப்படாதிருக்கட்டும்! எட்டிப் பிடிப்பது சட்டத்தின் ஆற்றல். எவனைப் பிடிப்பது என்றறிவதே அதன் அறம்!